பொங்கல் சீராகக் கேட்ட பள்ளம்

1

எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பு நிலத்தில் வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு ஜூன். எழுபதைத் தாண்டியவர். ஒரு தள்ளாத நாயோடு தனியாக இருக்கிறார். இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியது இரண்டே தடவைதான். முதல் தடவை நான் மிளகாய் வறுத்தபோது, வீடு தீப்பிடித்துவிட்டதோ என்று பார்க்க வந்தார். இரண்டாம் தடவை போன கார்த்திகையில், கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார்.

"வியாழக்கிழமை கூட்டம். நீயும் வரவேண்டும். அங்கே நியூட் இருக்கிறது" என்றார்.

நியூட் என்றால் என்னவென்று தெரியாமலே "அடடா, அப்படியா" என்று முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் பாதி நேரம் எனக்கு இப்படித்தான் ஓடுகிறது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில்கூட, எல்லோரும் சிரித்தால் சிரிப்பேன், எல்லோரும் பெருமூச்சு விட்டால் நானும் ஒன்று விடுவேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் போனபிறகு மகள் யாழினி போனில் படம் எடுத்துக் காட்டினாள். எனக்கு அது பல்லியாகத்தான் தெரிந்தது. முதுகில் ரம்பம் வைத்த, தண்ணீரில் நீந்துகிற பல்லி.

"பல்லிடி இது" என்றேன்.

அது பல்லி இல்லையாம், தவளைக்குச் சொந்தமாம், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிராம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். பதினைந்து வயதாகிறது. தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் வாயில் வருவது பசிக்குது, போதும், மாமா என்கிற மூன்று சொற்கள்தான். மிச்சத்துக்கெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் திட்ட, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, எங்கள் வீட்டில் சண்டைகூட இருமொழிக் கொள்கைப்படிதான் நடக்கும்.

என் வீட்டுக்காரர் செல்வம் அரியலூர் டவுன்காரர். சோபாவில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல பல்லி மேல விழுந்தா பலன் பாப்போம். இங்க பல்லி இருந்தா பிளானே பாஸ் ஆவாது போல" என்றார்.

2

கூட்டம் சர்ச் ஹாலில் நடந்தது. இங்கே கோபத்தை டீயோடும் பிஸ்கட்டோடும்தான் பரிமாறுவார்கள். கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் பெரிய பெரிய வரைபடங்களை மாட்டி வைத்திருந்தார். அதில் இனிமேல் நடப்போகிற மரங்கள் இப்போதே வளர்ந்து நிழல் தந்துகொண்டிருந்தன. ஒரு பெரியவர் எழுந்து, தனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபையே அதிர்ந்துபோனது. நம் ஊரில் நாற்காலியைத் தூக்கி வீசுவதற்குச் சமம் அது.

ஜூன்தான் விவரமாகப் பேசினார். நியூட் இருந்தால் சும்மா மண்ணைத் தோண்டிவிட முடியாதாம். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் வேலி போட்டு, வேலியோரம் வாளிகளைப் புதைத்து, தினமும் காலையில் போய் வாளியில் விழுந்திருக்கிற ஒவ்வொரு நியூட்டையும் எடுத்து வேறு குளத்தில் குடிவைக்க வேண்டுமாம். அதற்கு லைசென்ஸ் வேண்டுமாம். லைசென்ஸ் கிடைக்க வசந்த காலத்தில் சர்வே எடுக்க வேண்டுமாம். எனக்கு இந்த நாட்டில் குடியிருக்க ஆன காகிதத்தைவிட அந்தப் பல்லிக்கு அதிகமாக ஆகும் என்று கேட்டபோது, பொறாமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஜூன் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். எழுந்து நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரிலும் ஏரி இருக்கிறது, அதற்கு இமயமலையைத் தாண்டி வாத்துகள் வரும் என்றேன். தண்ணீர் நிற்கிற பள்ளத்தை மூடினால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். வெள்ளம் என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் அந்த நேரம் பார்த்துக் காலைவாரிவிட்டது. "தண்ணீர் விருந்தாளியாக உங்கள் வீட்டுக்கு வரும். பிறகு போகாது" என்று சொல்லி வைத்தேன். ஹால் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. நான் நகைச்சுவையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டார்கள். ஜூன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் போன் குலுங்கியது. ஊரிலிருந்து அண்ணன்.

3

அண்ணன் குணசேகரனுக்கு திருமானூரில் உரக்கடை. எங்கள் கிராமம் அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். கூடப்பிறந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். எனக்கு வயது நாற்பத்தெட்டாகிறது, அவர் இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். பள்ளிக்கூட வாசலில், ஸ்பீக்கரில் அவர் "பாப்பா" என்று கத்தியதை யாழினி இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு அவர் அனுப்பியிருந்தது ஒரு விளம்பர நோட்டீஸ். 'அன்னம் லேக் சிட்டி. ஏரிக்கரையில் உங்கள் கனவு இல்லம்.' மேலே ஒரு நீல ஏரி, மரப்பாலம், இரண்டு வெள்ளை அன்னங்கள். எங்கள் ஏரியில் என்றைக்கும் அன்னம் இருந்ததில்லை. இவை நிச்சயமாக இந்த நாட்டு அன்னங்கள். இங்கே வாய்க்காலோரம் நடந்தால் என் ரொட்டிக்காக என்னைத் துரத்துகிற அதே முகம், அதே திமிர்.

கீழே மனைகளின் வரைபடம். பார்த்த உடனே இடம் தெரிந்துவிட்டது. அப்பாவின் நிலம்.

அந்த நிலம் இரண்டு விதம். ரோட்டோரம் மேடு. ஏரிப்பக்கம் பள்ளம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக இறங்கி, எங்கள் பள்ளத்தில் தங்கி, மெதுவாக வடிந்து வாய்க்காலுக்குப் போகும். ஐப்பசியில் நின்ற தண்ணீர் மாசி வரை நிற்கும். பக்கத்தில் பறவைகள் சரணாலயமான கரைவெட்டி ஏரிக்கு வருகிற வாத்துகளில் ஒரு கூட்டம் எங்கள் ஏரியிலும் இறங்கும். வந்தவை பகலெல்லாம் மேய்வது அந்தப் பள்ளத்தில்தான். நாமக்கோழியும் முக்குளிப்பானும் கூடுகட்டுவதும் அங்கேதான். நோட்டீஸில் அந்தப் பள்ளம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. ஏரியைப் பார்த்த மனைகள், சிறப்பு விலை.

நான் ஒன்றும் அந்தப் பள்ளத்தை நினைத்து உருகிக்கொண்டிருந்தவள் அல்ல. சின்ன வயதில் அங்கே என்னைக் கடித்த அட்டைகள்தான் எனக்கு ஞாபகம். அப்பா வருஷா வருஷம் அதில் நட்டுவிட்டு, வருஷா வருஷம் தண்ணீரிடம் தோற்று, வருஷா வருஷம் அதைத் திட்டுவார். ஆனால் போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ஒன்று நடந்தது. வந்த மறுநாளிலிருந்து எப்போது கிளம்புகிறோம் என்று ஆங்கிலத்தில் அரித்துக்கொண்டிருந்த யாழினி, ஒரு மாலை அந்தப் பள்ளத்து வரப்பில் போய் உட்கார்ந்தாள். மிதக்கிற கூட்டில் முக்குளிப்பான் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. போனைத் தொடாமல் இருட்டும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் என் ஊரைப் பற்றி அவளாகக் கேட்கிற ஒரே கேள்வி, அந்தக் குஞ்சுகள் பொரித்தனவா என்பதுதான்.

எனக்கு என் மகளோடு ஊரைப் பற்றிப் பேச மிச்சமிருப்பது அந்தப் பள்ளம் ஒன்றுதான். அதில் கிராவல் மண் கொட்டப் போகிறார்கள்.

நோட்டீஸுக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: 'பாப்பா, நீ ஒரு கையெழுத்து போடணும். வக்கீல் கேக்கறாரு.'

4

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா உயில் எழுதாமல் போனார். அம்மாவும் இல்லை. சட்டப்படி பாதி என்னுடையது. எங்கள் பக்கம் வழக்கப்படி என்னுடையது எதுவும் இல்லை. கல்யாணம் செய்துகொடுத்த பெண் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கேட்கமாட்டாள். அண்ணன் நீட்டுகிற இடத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். பதிலுக்கு அவளுக்கு ஆயுசு முழுக்கச் சீர் வரும். பொங்கல் வந்தால் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், சேலை. கேட்கிற பெண்ணுக்குப் பங்கு கிடைக்கும், கூடவே பிறந்த வீட்டு வாசல் மூடிக்கொள்ளும். திருமானூர், தா.பழூர் பக்கம் யாரைக் கேட்டாலும் இப்படி மூடின வாசல் ஒன்றைக் காட்டுவார்கள்.

நான் இங்கிலாந்துக்கு வந்தபிறகு அண்ணனுக்குச் சீர் பெரிய தலைவலியாகிவிட்டது. கரும்பைப் பார்சல் அனுப்ப முடியுமா? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் முந்தினநாள் தாம்பாளத்தில் எல்லாவற்றையும் குறையில்லாமல் பரப்பி, பக்கத்தில் கரும்பைச் சாய்த்து வைத்து, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனைபேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடுவார். 'தங்கச்சிக்குப் பொங்கல் சீர்.' நான் கைகூப்பும் பொம்மை போடுவேன். சித்தப்பா, சித்தி, மாமன் எல்லோரும் வாழ்த்துவார்கள். பிறகு அண்ணி அந்த அரிசியையும் வெல்லத்தையும் எடுத்து அவர்கள் வீட்டுப் பொங்கல் வைத்துவிடுவார். சேலை மட்டும் பீரோவில் எனக்காகக் காத்திருக்கும். வருஷக்கணக்காக நான் சீரைக் கண்ணால் மட்டுமே சாப்பிட்டு வருகிறேன்.

இந்தக் கையெழுத்தை இங்கிருந்து போடுவதென்றால் அது தனிக்கதை. லண்டன் போய் அத்தாட்சி வாங்க வேண்டும். போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும். அப்பா பெயர் என் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பட்டாவில் வேறு மாதிரியும் இருக்கிறது, இரண்டும் ஒருவரே என்று இன்னொரு பத்திரம் வேண்டும். நான் நேரத்தைக் கடத்த அதையெல்லாம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். "காது சரியா தெரியலையாம்ணே, திரும்ப எடுக்கச் சொல்றாங்க" என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. "போடமாட்டேன்னு சொல்லிடேன்" என்றார் செல்வம். சொல்லலாம். சொன்னால் பள்ளம் பிழைக்கும், அண்ணன் போய்விடுவார். எனக்கு ராத்திரித் தூக்கம் போனது உண்மை. சர்ச் ஹாலில் வாங்கின கைதட்டல் வேறு காதிலேயே இருந்தது.

5

மார்கழி பிறந்ததும் ஒருநாள், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, குழுவில் எழுதினேன்.

'அண்ணா, இந்த வருசம் போட்டோச் சீர் வேண்டாம். நானா ஒண்ணு கேக்கலாம்னு இருக்கேன்.'

உடனே சித்தப்பாக்கள் விழித்துக்கொண்டார்கள். விக்கிரமங்கலத்துச் சித்தி, 'கேளு சாமி, உன் அண்ணன் இல்லேன்னா சொல்லப் போறான்' என்றார். அண்ணனுக்கு அது போதும். எங்கள் பக்கத்து ஆண்கள் எதையும் தாங்குவார்கள், சொந்தக்காரர் முன்னால் தங்கைக்குச் செய்யாதவன் என்ற பேரைத் தாங்கமாட்டார்கள். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டார்.

"ஏ பாப்பா, நீ வாயத் தொறந்து இதுவரைக்கும் எதாச்சும் கேட்டுருக்கியா? கேளு. நகையா, என்னா வேணும்? எல்லாரும் கேட்டுக்கங்க, குடுத்துட்டேன்னு வெச்சுக்கங்க!"

நான் எழுதினேன்: 'ஏரியோரப் பள்ளத்தைக் குடுண்ணா. மேட்டுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்.'

 எப்போதும் காலை வணக்கம் அனுப்புகிற மாமாகூட அன்றைக்கு அனுப்பவில்லை. கடைசியில் சித்திதான் பேசினார். அவர் குரலுக்குப் பின்னால் ஆடு கத்தியது.

"தம்பி குணா, குடுத்துட்டேன்னு நாங்க எல்லாரும் காதால கேட்டாச்சு. சீருன்னு சொன்னப்புறம் பேச்சு மாறக்கூடாது. ஆமா."

6

அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்குப் பங்கு வேணும்னா எங்கிட்டத் தனியா கேக்க வேண்டியதுதானே? ஊரக் கூட்டி வெச்சுக்கிட்டா கேப்பே?"

"பங்கு கேக்கலண்ணா. சீர் கேக்கறேன். பங்கு கேக்கறவ ரோட்டோர மேட்ட விட்டுட்டுப் பள்ளத்தக் கேப்பாளா?"

"அத வெச்சுக்கிட்டு என்னா பண்ணுவே? தவளதான் கத்தும்."

"கத்தட்டும்."

"வெவரம் புரியாமப் பேசறே பாப்பா. ஏரியப் பாத்த மனைக்குத்தான் ஆளு அடிச்சிக்கிறான். அது போச்சுன்னா கூட மனை போடற பார்ட்னர் என்னயத் திம்பான்."

"அத மூடுனா ஐப்பசித் தண்ணி எங்கண்ணே போவும்? கீழத்தெருவுக்குத்தானே? நம்ம வூடே அங்கதானே இருக்கு."

 பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "நான் சொன்னா கேக்கறீங்களா? இப்ப லண்டன்லேருந்து சொன்னாத்தான் காதுல வுழும்." நாங்கள் லண்டனில் இல்லை, ரயிலில் போகும் தூரத்தில் இருக்கிறோம் என்பதை அண்ணி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு நான் திருத்தவில்லை.

"யாருக்காவடி இதெல்லாம்?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "வருசத்துல மூணு மாசம் வெளிநாட்டுலேருந்து வரும், தின்னும், வெயில் வந்தா ஊரு ஆவலன்னு கெளம்பிடும். அதுவோளுக்கா?"

"நான் மட்டும் என்னண்ணே பண்றேன்? நானும் அப்படித்தானே வரேன், போறேன். எனக்கு வாசலத் தொறந்துதானே வெச்சிருக்கே."

  

"வாய் மட்டும் அப்பா மாதிரியே" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. வாசல் மூடிக்கொண்டது என்றே நினைத்தேன். சமையலறை விளக்கை அணைக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாழினி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

7

அடுத்த பத்து நாளில் நடந்ததை அண்ணி சொல்லித்தான் தெரியும். பார்ட்னர் வீட்டுக்கே வந்து குதித்திருக்கிறார். கோர்ட்டுக்குப் போகலாம், தங்கைக்கு வேறு இடம் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்றெல்லாம் வழி சொல்லியிருக்கிறார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தங்கச்சிக்குச் சீருன்னு குடுத்தாச்சு. அதப் போயி எப்புடிய்யா திரும்பக் கேக்கறது? நீ உன் தங்கச்சிகிட்ட கேப்பியா?" என்றாராம். பார்ட்னருக்கு மூன்று தங்கைகள். அதற்குமேல் பேசவில்லையாம்.

நான் லண்டன் போய், இரண்டு காதும் தெரிய மேட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். லேக் சிட்டி ரோட்டோரமாகச் சுருங்கிவிட்டது. மேட்டில் கல் நட்டு, வளைவு வைத்து, கலர்க் கொடி கட்டிவிட்டார்கள். அதையும் தடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முடியவில்லை. புது நோட்டீஸில் அன்னங்கள் அப்படியே இருக்கின்றன. 'இயற்கைப் பறவைகள் மேயும் சதுப்பு அருகில்' என்று ஒரு வரி மட்டும் கூடியிருக்கிறது. என் பள்ளத்தை வைத்து விளம்பரம் செய்ய என்னை யாரும் கேட்கவில்லை.

இங்கே நியூட் விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவை குளிருக்குத் தூங்குகின்றனவாம், எழுந்தால்தான் சர்வே. என் கதையைக் கேட்ட ஜூன், உன் அண்ணன் எந்தச் சட்டத்தின் கீழ் ஒப்புக்கொண்டார் என்று கவனமாகக் கேட்டார். சீர் என்றால் என்னவென்று அரைமணிநேரம் விளக்கினேன். கரும்பு வரை வந்தபோதே அவர் குழம்பிவிட்டார்.

"அதற்குச் சட்ட மதிப்பு உண்டா?" என்றார்.

"அதைவிட அதிகம்" என்றேன்.

பொங்கலுக்கு முந்தினநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தேன். வழக்கமாக போட்டோ வருகிற நேரம். குழுவில் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா ஒருவர் 'என்ன குணா, சீர் எங்கே' என்று சீண்டிக்கூடப் பார்த்தார். பதில் இல்லை.  அரைமணி கழித்து எனக்குத் தனியாக ஒரு படம் வந்தது. பள்ளத்தின் எல்லையில், தண்ணீருக்கு நடுவே, மனைக்கல். மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதில் கோணல்மாணலாக என் பெயர். கல்லின் மேல் ஒரு நீர்க்காகம் இரண்டு றெக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது.

கூடவே அண்ணனின் குரல்.

"பாப்பா, உன் எடத்துக்கு ஆளு குடிவந்துட்டாவோ. எல்லாம் உன்ன மாதிரியே, சொன்ன பேச்சு கேக்கற சாதி இல்ல. இந்த வருசச் சீரு தாம்பாளத்துல அடங்காது, போட்டோவுலயும் அடங்காது. இந்தா, கேட்டுக்க."

அதோடு பேச்சு நின்றது. பதிவு நிற்கவில்லை. அவர் போனைப் பள்ளத்துப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். தண்ணீரை அடித்துக்கொண்டு எதுவோ ஓடியது. நாமக்கோழிகள் கத்தின. தூரத்தில் ஒரு வாத்துக்கூட்டம் இறங்குகிற சத்தம் வந்தது. அண்ணன் ஒருமுறை இருமினார், பிறகு அதையும் அடக்கிக்கொண்டார்.

சாயந்திரம் அதை யாழினிக்குப் போட்டுக் காட்டினேன். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை கேட்டாள். அப்புறம் போனை என் கையிலிருந்து வாங்கி, பதிவு பண்ணும் பொத்தானை அழுத்திக்கொண்டு, என் அண்ணனுக்குத் தமிழில் பேசினாள்.

"மாமா. போதாது மாமா. இன்னும்."